தாமசம்

நான் ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டேன். அதனால் ஒரு பெண் குழந்தை செத்துப் போயிற்று.

கேள்வியால் யாராவது சாவார்களா என்று நீங்கள் கேட்கலாம். சாவார்கள்! கேட்கிறவன் என்னைப் போன்றவனாக இருந்தால், கேட்கிற இடம் ஆஸ்பத்திரி வராந்தாவாக இருந்தால், நிச்சயம் சாவார்கள்.

நான் கம்பவுண்டர். உடும்பஞ்சோலைக்கும் கம்பம்மெட்டுக்கும் நடுவே, ஏலக்காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பது என் வேலை. அந்த இடத்தின் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்... இல்லை, மன்னிக்க வேண்டாம். அந்த வார்த்தையை இப்போதே செலவழித்துவிட்டால் பிறகு என்ன செய்வது?

பாலக்காட்டில் கல்பாத்திப் பக்கம் எங்கள் வீடு. வீட்டில் பேசுவது தமிழ், வெளியில் பேசுவது மலையாளம். எத்தனை தலைமுறையாக இப்படி என்று எங்களுக்கே தெரியாது. பாலக்காடு முன்பு சென்னை ராஜதானியோடு இருந்தது. மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது கேரளத்தோடு சேர்ந்தது. நான் இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை. ஆனாலும் ஒரு நாள் காலையில் எழுந்தபோது கேரளத்துக்காரன் ஆகியிருந்தேன். அந்தச் சலுகையில்தான் எனக்கு மலையில் மாற்றல் கிடைத்தது, பெரிய சம்பளமும் கிடைத்தது.

மாநிலம் பிரித்த அதே கோடு மலையில் வேறு வேலை செய்திருந்தது. அந்த மலைத் தாலுகாக்கள் யாருக்கு என்ற சண்டை ஓய்ந்திருந்தாலும் கசப்பு ஓயவில்லை. ஏலத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் முக்கால்வாசி தமிழர்கள். காடு வெட்டி, செடி வைத்து, அட்டைக்கடிக்கு ரத்தம் கொடுத்து அங்கேயே வாழ்ந்தவர்கள். அவர்கள் ஒரே நாளில் ‘அப்புறத்து ஆட்கள்’ ஆகிப் போனார்கள்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு வாய்மொழி உத்தரவு வந்தது. மருந்து போதவில்லை, படுக்கையும் போதவில்லை. இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும் ஊசியும் படுக்கையும். அப்புறத்திலிருந்து வந்து போகிறவர்களுக்கு முதலுதவி செய்து கீழே கம்பத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்களை அவர்கள் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

யார் வசிப்பவர், யார் வந்து போகிறவர் என்று எப்படித் தெரியும்? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் திருவனந்தபுரத்துப் பக்கத்துக்காரர். தங்கமான மனிதர், ஆனால் தமிழ் ஒரு சொல் வராது. “இவருடெ தாமசம் எவிடெயா?” என்று என்னைப் பார்ப்பார். மலையாளத்தில் தாமசம் என்றால் குடியிருப்பு. இவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதைத் தமிழில் கேட்டுப் பதிலை மலையாளத்தில் சொல்வது என் வேலை.

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும்.

“எங்கேம்மா குடியிருக்கிறே?” என்று கேட்டால் அவர்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். லயம் என்ற அந்த வரிசை வீடுகளில் எத்தனையாவது வீடு என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். படுக்கை கிடைத்துவிடும்.

“சொந்த ஊர் எது?” என்று கேட்டால் கதையே வேறு! தமிழனிடம் சொந்த ஊர் கேட்டால் அவன் வசிக்கிற ஊரையா சொல்வான்? குலதெய்வம் இருக்கிற ஊரைச் சொல்வான். அங்கே ஒரு குழி நிலம் இருக்காது, ஒண்டிக்கொள்ள ஒரு குச்சு இருக்காது, பிறந்ததிலிருந்து அந்த ஊரை எட்டிப் பார்த்திருக்கக்கூட மாட்டான். ஆனாலும் தேவாரம் என்பான், கோம்பை என்பான், போடி என்பான். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். என் அம்மாவிடம் யாராவது கேட்டால் “எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம்” என்பாள். காவேரியை அவள் கண்ணால் கண்டதில்லை.

வந்த புதிதில் நான் சரியான கேள்வியைத்தான் கேட்டேன். எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் எல்லோரையும் கேட்டேன். என் தயவில் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பெருமைப்பட்டதும் உண்டு.

ஸ்டோர் கீப்பர் குறுப்புக்கு அது பொறுக்கவில்லை. கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். மருந்து அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு குத்தல் வரும்.

“பட்டரு வந்நதோடெ பாண்டிக்காரெல்லாம் நம்முடெ நாட்டுகாராயி, அல்லே?”

பட்டர் என்றது என்னை. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர்களை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பாண்டிக்காரர் என்றது தமிழர்களை. பட்டர் வந்த பிறகு பாண்டிக்காரர்கள் எல்லாம் நம் நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று சிரிப்பார். வராந்தாவில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்... சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

எதற்காக? ஒரு கேலிக்கு இவ்வளவா? ஆம், இவ்வளவு! நான் பாண்டிக்காரன் இல்லை என்று அவர்களிடம் நிரூபிக்க வேண்டும் போல இருந்தது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று எத்தனை நாளைக்கு நிற்பது? இரண்டு காலையும் ஒரே பக்கம் வைத்துவிட ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. அந்தச் சந்தர்ப்பம் கம்பளிக்குள் சுற்றப்பட்டு வந்து சேர்ந்தது.

ஆனி மாதத்து மழை. மலையில் அந்த மழை பிடித்தால் விடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் வராந்தாவில் ஏறினாள். வேலுத்தாயி என்று பெயர். கால் முழுக்கச் சேறு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். மார்போடு அணைத்திருந்த கம்பளிக்குள் அவள் மகள். பவுனு.

ஐந்து வயது இருக்கும். மூச்சு வாங்கும்போது மூக்கின் இரு பக்கமும் விரிந்து விரிந்து மூடியது. விலா எலும்பு உள்ளே ஒடுங்கியது. நிமோனியா. டாக்டர் குழலை வைத்துப் பார்க்க வேண்டியதுகூட இல்லை, எனக்கே தெரிந்தது.

டாக்டர் பார்த்தார். முகம் சுருங்கியது. வேலுத்தாயியைப் பார்த்து அவரே கேட்டுவிட்டார், அவசரத்தில்.

“எவிடெயா தாமசம்?”

அவளுக்குப் புரிந்தது அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான். தமிழில் தாமசம் என்றால் வேறு என்ன? காலதாமதம்தானே! டாக்டர் தன்னைத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஏன் இவ்வளவு தாமசம் என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“தாமசமாத்தான் போச்சுய்யா... தப்புத்தான். நேத்தே தூக்கிட்டு வந்திருக்கணும். ஓடையில தண்ணி எறங்கலை. அவுக அப்பா ஏலக்கா ஸ்டோர்ல காய் காய வைக்கிற சூளைக்கு நெருப்புப் போடுறாரு, விட்டுட்டு வர முடியலை. நாந்தான் தாமசம் பண்ணிட்டேன்...”

இரண்டு கையையும் கூப்ப முயன்றாள். குழந்தை நழுவப் பார்க்கவே ஒரு கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டு போனாள்.

அலமாரிப் பக்கமிருந்து குறுப்பு சிரித்தார். “தாமசம் சோதிச்சப்போள் தாமசிச்சது பறயுந்நு!” என்றார். குடியிருப்பைக் கேட்டால் தாமதித்த கதையைச் சொல்கிறாள் என்று வேடிக்கை. டாக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நீ கேள் என்று அர்த்தம்.

குறுப்பும் என்னைப் பார்த்தார். சிரித்த வாய் மூடாமல், பட்டர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தார்.

நான் கேட்டேன்.

“சொந்த ஊர் எதும்மா?”

“தேவாரம் பக்கங்கய்யா,” என்றாள். அந்த நிலையிலும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தன்னைத் திட்டாமல் ஊரைக் கேட்கிற ஒரு மனிதன் கிடைத்தானே என்ற தெளிவு அது.

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். “தேவாரம் ஆணு சார். அப்புறத்தெ ஆளாணு.”

பொய்யா சொன்னேன்? ஒரு சொல்கூடப் பொய் இல்லை! அவள் சொன்னதைத்தான் சொன்னேன். இந்த ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டினேன் தெரியுமா?

டாக்டர் தயங்கினார். போன மாதம்தான் மேலதிகாரி ஒருவர் வந்து, அப்புறத்து ஆட்களுக்கு மருந்தை வாரி விடுகிறாய் என்று அவரைக் கடிந்துவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் தயங்கினார். இந்த மழையில் கீழே போய்ச் சேர்வார்களா என்று என்னைத்தான் கேட்டார். மலையாளத்தில் கேட்டார், அவளுக்குப் புரியவில்லை.

பழகின ஆட்கள், சீக்கிரம் இறங்கிவிடுவார்கள் என்றேன்.

அதை யார் என்னைச் சொல்லச் சொன்னது? கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு தெரியாது போதுமே! டாக்டர் படுக்கை கொடுத்திருப்பார். அவர் பதிலுக்காக நின்ற விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் என்னை நம்பினார். அவளும் என்னை நம்பினாள்.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டுப் பக்கத்து அறையில் காத்திருந்த நோயாளியிடம் போனார். கம்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போ, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போடுவார்கள் என்று நான் அவளிடம் சொன்னேன். தாமதமாக வந்ததால் இங்கே முடியாதாக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

நான் மாத்திரையைப் பொடி செய்துகொண்டிருந்தபோது குழந்தை கண்ணைத் திறந்தது.

“வெள்ளம்...” என்றது.

வேலுத்தாயி என்னைப் பார்த்து, அந்த அவஸ்தையிலும், கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். “லயத்துல மலையாளத்துப் பிள்ளைகளோடதான் வெளையாடும். அதான் தண்ணிய வெள்ளம்னு கேக்குது. நாங்க சொல்லிக் குடுத்தாலும் மாத்த மாட்டேங்குது.”

கேட்டீர்களா? தாகத்துக்குத் தண்ணீர் என்று சொல்லத் தெரியாத பிள்ளை! அந்த மலையில் பிறந்து, அந்த மலையின் பாஷையில் தாகமெடுத்த பிள்ளை! அதைத்தான் அப்புறத்து ஆள் என்று நான் சொல்லியிருந்தேன்.

டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். இடையில் கதவுகூட இல்லை, ஒரு துணித் திரை. சார், இந்தப் பிள்ளை இங்கேயே பிறந்தது என்று குரல் கொடுத்தால் போதும். குறுப்பு அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

நான் குரல் கொடுக்கவில்லை. தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தது, மீதி கழுத்தில் வழிந்தது.

வேலுத்தாயி சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு என்னைக் கேட்டாள். “ஐயாவுக்கு எந்த ஊருங்க?”

“பாலக்காடு.”

“அதில்லைங்கய்யா. சாமி கும்புடுற ஊரு?”

என்ன தோன்றியதோ, உண்மையைச் சொன்னேன். “தஞ்சாவூர்ப் பக்கம்னு சொல்லுவா.”

“அப்ப நம்ம பக்கத்து ஆளுதான்,” என்று சிரித்தாள். சிரித்துவிட்டுக் குழந்தையைக் கம்பளிக்குள் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கம்பம்மெட்டுப் பக்கமாகத் திரும்பும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பட்டரு ஆளு கொள்ளாமல்லோ,” என்றார் குறுப்பு. பரவாயில்லையே என்று பாராட்டு. தன் வெற்றிலைச் செல்லத்தை என் பக்கம் நீட்டினார். அதுவரை அவர் எனக்கு நீட்டியதில்லை.

எடுத்துக்கொண்டேன். போட்டுக்கொண்டேன்! இதை உங்களிடம் மறைத்திருக்கலாம். மறைக்கத்தான் நினைத்திருந்தேன்.

அதன்பின் பல நாட்கள் நானே எனக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டேன். அவள் மெட்டில் ஒரு லாரியைப் பிடித்திருப்பாள். கம்பத்தில் நல்ல டாக்டர் இருந்திருப்பார். பவுனு இப்போது லயத்து வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும்... யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடுமே!

ஆவணி பிறந்து வெயில் தலைகாட்டிய ஒரு காலை. ஆஸ்பத்திரியை அப்போதுதான் திறந்திருந்தோம். யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. வேலுத்தாயி! கையில் ஒரு பையன், இரண்டு வயது இருக்கும். கொழுகொழுவென்று இருந்தான். மூக்கில் சளி, இரண்டு தும்மல். அவ்வளவுதான். எந்த வீட்டிலும் ஓமத் தண்ணீர் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள்.

அவளுக்கு மூச்சு இரைத்தது. இரைப்புக்கு நடுவே சொன்னாள்.

“இந்தத் தடவை தாமசம் பண்ணலைங்கய்யா! விடியக்காலம் தும்மினான், உடனே தூக்கிட்டு ஓடியாந்துட்டேன். டாக்டரய்யாகிட்டச் சொல்லுங்க, தாமசம் பண்ணலைன்னு சொல்லுங்க.”

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

“பொண்ணு?”

“பாதி எறக்கத்துலயே போயிருச்சுங்க. முதுகுல கட்டியிருந்தனா, எனக்குத் தெரியலை. பேசிக்கிட்டே எறங்குனேன்.” கொஞ்ச நேரம் பையனின் தலையைத் தடவினாள். “எல்லாம் என்னாலதான். டாக்டரய்யா அன்னிக்கே கேட்டாருல்ல, ஏன் தாமசம்னு? மொதப் பேச்சே அதானே கேட்டாரு? ஒரு நா முந்தி வந்திருந்தா இங்கயே ஊசி போட்டிருப்பாரு. பெத்தவளே கொன்னுட்டேன். அவுக அப்பாவும் அதையேதான் சொல்றாரு.”

புரிகிறதா உங்களுக்கு?

டாக்டர் கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செய்ததை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் கண் முன்னால், சளி பிடித்த பையனைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவளும் நானும் மட்டும்தான் அங்கே. குறுப்புகூட வந்திருக்கவில்லை. யாருக்குப் பயந்தேன்? அவள் என்ன செய்திருப்பாள், அழுதிருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். தூற்றட்டுமே! அது எனக்கு உரியதுதானே? ஆனால் அவள் என்னை நம்ம பக்கத்து ஆள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை போய்விடுமே என்று... சீ! அதற்குக்கூட ஆசைப்பட்டேன்.

டாக்டர் வந்து வழக்கம்போலக் கேட்டார். நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. “இவிடெத்தன்னெயாணு சார் தாமசம்,” என்றேன். இங்கேயேதான் குடியிருக்கிறார்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்ல வந்தது! ஆனியில் பார்த்த முகம் டாக்டருக்கு நினைவில்லை, தலையசைத்தார். தும்மலுக்குப் படுக்கை கிடைத்தது. அந்தச் சொல்லைக் கேட்ட வேலுத்தாயி, தான் தாமதிக்கவில்லை என்று நான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு குனிந்து என் காலைத் தொட்டாள்.

அதன் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். பையன் இருமினால் வந்தாள், முழங்கால் சிராய்த்தால் வந்தாள், இரண்டு வேளை சோறு வேண்டாமென்றால் வந்தாள். ஒருபோதும் நடந்து வரவில்லை. ஓடித்தான் வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை ‘ஓட்டக்காரி’ என்று சொல்லிச் சிரித்தார்கள். கூலி வேலையை நடுவில் போட்டுவிட்டு வருகிறாளே என்று கங்காணி ஆளனுப்பித் திட்டினான். புருஷன் அடித்தான் என்று ஒரு முறை வீங்கிய கன்னத்தோடு வந்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

பாலக்காட்டுக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவிக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே மழை பெய்யும்போது நான் வாசல் பக்கம் போய் நிற்பேன். “ஏன்னா, யார் வரான்னு இப்படிப் பாத்துண்டே நிக்கறேள்?” என்று என் மனைவி கேட்பாள். யாரும் இல்லை என்பேன். சேற்றில் ஓடி வருகிற காலின் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கிறது. எங்கள் பேத்தி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து “தாத்தா, வெள்ளம் தாங்கோ” என்று கேட்கிறாள். தண்ணீரை அவள் பாட்டியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு நான் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

அந்தப் பையன் இப்போது வளர்ந்திருப்பான். வேலுத்தாயி இருந்தால் கிழவியாகியிருப்பாள். அவன் தும்மினால் இன்னமும் எழுந்திருக்கப் பார்ப்பாளோ என்னவோ.

அம்மா, மலையாளத்தில் தாமசம் என்றால் குடியிருப்பு. டாக்டர் உன்னைத் திட்டவில்லை, எங்கே குடியிருக்கிறாய் என்றுதான் கேட்டார். நீ தாமதிக்கவில்லை. நான்தான் கேள்வியை மாற்றினேன்.

எவ்வளவு சின்னப் பேச்சு, பாருங்கள்! மூச்சு விடாமல் சொல்லிவிடலாம்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.